49 ஓட்டில் போன ஐந்து வருஷம்

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதி முடிவு இது: அதிமுகவின் இன்பதுரை 69,590, திமுகவின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. ஒரு மினி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களையும் சேர்த்தால் அடங்கிவிடுகிற கூட்டம். கிட்டத்தட்ட ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் இந்த இருவருக்கு மட்டும் வாக்களித்திருக்கிற இடத்தில், அடுத்த ஐந்து வருஷம் யார் எம்எல்ஏ என்பதை அந்தக் கூட்டம் முடிவு செய்தது. முடிவு செய்ததா என்பதே பிறகு கோர்ட்டில் கேள்வியானது, அதற்கு வருகிறேன்.

அப்பாவுவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எந்தக் கட்சியையும் சேராதவன் என்று சொல்லிவிட்டு அரசியல் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை, எனவே அந்த உறுதிமொழியை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அவர் நல்லவரா கெட்டவரா என்பதும் இங்கே என் கேள்வி இல்லை. ஒரு எம்எல்ஏவின் அரசியல் வாழ்க்கையில் எவ்வளவு அவர் கையில் இருக்கிறது, எவ்வளவு அடுத்தவர் கையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு ஆளைத் தேடினால் இவரைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 1996ல் தமாகா (தமிழ் மாநிலக் காங்கிரஸ்) எம்எல்ஏ, 2001ல் சுயேச்சை எம்எல்ஏ, 2006ல் திமுக எம்எல்ஏ, 2011ல் களத்திலேயே இல்லை, 2016ல் 49 ஓட்டில் தோல்வி, 2021ல் வெற்றி, ஜெயித்த பத்துப் பதினைந்து நாளுக்குள் சபாநாயகர். எல்லாம் ஒரே தொகுதி. ஆள் மாறவில்லை, ஊர் மாறவில்லை, மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

ராதாபுரம் 228வது தொகுதி, நெல்லை மாவட்டத்தின் தென்கோடி. வள்ளியூர், பணகுடி, திசையன்விளை எல்லாம் இதற்குள்தான். கடற்கரைப் பக்கம் உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று மீனவர் ஊர்கள். ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிற மகேந்திரகிரி ஒரு ஓரம், கூடங்குளம் அணுமின் நிலையம் இன்னொரு ஓரம், இடையில் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. இவ்வளவு பெரிய சமாச்சாரங்கள் இருந்தும் ஊருக்குள் முதல் பேச்சு தண்ணீர்தான். பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ராதாபுரம் கால்வாயில் தண்ணீர் விட்டார்களா இல்லையா, குளம் நிறைந்ததா இல்லையா. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராக்கெட்டும் அணு உலையும் மத்திய அரசுடையவை, எம்எல்ஏவின் கை அங்கே நீளாது. அவரால் கேட்க முடிந்தது கால்வாய்த் தண்ணீர், ரோடு, பஸ், பள்ளிக்கூடக் கட்டடம். ஆனால் மனு கொண்டு வருகிறவர்கள் அணு உலைக்கும் சேர்த்துத்தான் கொண்டு வருவார்கள்.

1996 வெற்றியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த வருஷம் நரசிம்மராவ் ஜெயலலிதாவோடு கூட்டணி வைத்ததும் மூப்பனார் காங்கிரஸை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார், ரஜினி டிவியில் பேசினார், பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். தமாகா 40 இடத்தில் நின்று 39ல் ஜெயித்தது. சைக்கிள் சின்னத்தில் யாரை நிறுத்தியிருந்தாலும் கோட்டைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த அலையில் வந்த பலர் இன்று யார் நினைவிலும் இல்லை.

2001தான் விஷயம். இந்த முறை அலை எதிர்ப்பக்கம் அடித்தது, அதிமுக கூட்டணி 196 இடம். தமாகாவும் அதே கூட்டணியில்தான் இருந்தது. அப்பாவு எந்தக் கட்சிச் சின்னமும் இல்லாமல் சுயேச்சையாக நின்றார், ஜெயித்தார். தமிழ்நாட்டில் சுயேச்சை ஜெயிப்பது எவ்வளவு அபூர்வம் என்பது தேர்தல் முடிவுகளைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். இங்கே மக்கள் சின்னத்துக்குத்தான் போடுகிறார்கள். வேட்பாளர் பெயரே தெரியாமல் இரட்டை இலை, உதயசூரியன் என்று பார்த்துக் குத்திவிட்டு வருகிறவர்கள் என் வீட்டிலேயே உண்டு. அப்படியொரு மாநிலத்தில், அப்படியொரு வருஷத்தில், கிடைத்த ஏதோ ஒரு சின்னத்தை ரெண்டு வாரத்தில் ஊர் ஊராகப் பதிய வைத்து ஜெயிக்கிறார் என்றால், முந்தைய ஐந்து வருஷம் அவர் தொகுதிக்குள் நடந்திருக்கிறார் என்று அர்த்தம். அவருடைய முழு வாழ்க்கையில் நூற்றுக்கு நூறு அவருடையது என்று சொல்லக்கூடிய வெற்றி இது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் சுயேச்சை எம்எல்ஏவின் வாழ்க்கை சுகமானது இல்லை. அவையில் பேச நேரம் ஒதுக்குவது கட்சி பலத்தைப் பார்த்துத்தான். தனி ஆளுக்குக் கடைசியில் சில நிமிஷம் கிடைத்தால் உண்டு. நடுவில் ஒரு கட்சியில் சேர்ந்துவிடலாம் என்றால் கட்சித் தாவல் தடைச் சட்டம் நிற்கிறது. சுயேச்சையாக ஜெயித்தவர் அதன் பிறகு ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தாலே பதவி போய்விடும். ஒரு வேடிக்கை பாருங்கள், அவர் முதலில் ஜெயித்த தமாகாவே 2002ல் மொத்தமாகக் காங்கிரஸில் கலந்துவிட்டது, அதில் ஒருவருக்கும் பதவி போகவில்லை. கட்சியே தாவினால் இணைப்பு, ஒரு ஆள் தாவினால் தாவல். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

2006ல் உதயசூரியனில் நின்று ஜெயித்தார். அந்த முறை திமுகவுக்கு 96 இடம்தான், காங்கிரஸின் 34 பேர் வெளியிலிருந்து ஆதரவு தர ஐந்து வருஷம் ஆட்சி ஓடியது. மைனாரிட்டி அரசு என்று ஜெயலலிதா சொல்லிக்கொண்டே இருந்தார். இப்படிப்பட்ட ஆட்சியில் ஆளுங்கட்சி எம்எல்ஏவுக்குக் கொஞ்சம் மரியாதை கூடும். அமைச்சர் அறைக்கு வெளியே காத்திருக்கும் நேரம் குறையும். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு மூன்றையும் இணைக்கும் வெள்ளநீர்க் கால்வாய்க்கு 2009ல் அடிக்கல் நாட்டியது இந்தக் காலத்தில்தான். கன்னடியன் கால்வாய்ப் பக்கம் வீணாகக் கடலுக்குப் போகிற வெள்ளத்தைத் திருப்பி நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட பூமிக்குக் கொண்டு வருவது திட்டம். கேட்கவே நன்றாக இருந்தது.

அதற்குள் தொகுதி மறுசீரமைப்பு வந்தது. எம்எல்ஏக்களின் வாழ்க்கையை இதைப்போலப் புரட்டிப்போடுவது வேறொன்று இல்லை, ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் படிக்கவே சலிப்பான விஷயம். எல்லையை அழித்து எழுதியதில் பக்கத்திலிருந்த சேரன்மகாதேவி தொகுதி காணாமல் போனது. அங்கே அப்போது காங்கிரஸ் எம்எல்ஏவாக இருந்தவர் வேல்துரை. 2011ல் கூட்டணிப் பங்கீட்டில் ராதாபுரம் காங்கிரஸுக்குப் போய், வேல்துரை இங்கே வேட்பாளராக வந்துவிட்டார். மூன்று முறை தொடர்ந்து ஜெயித்த, பதவியில் இருக்கிற எம்எல்ஏவுக்கு அவருடைய தொகுதியிலேயே இடம் இல்லை. அவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றும் இல்லை. வேறொரு தொகுதி வரைபடத்திலிருந்து போனது, கூட்டணி மேஜையில் ஒரு கோடு நகர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த வேல்துரை கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போவதற்கு அது முன்னோட்டம். 2006ல் சேரன்மகாதேவியில் அவரிடம் தோற்ற அதிமுகவின் பால் மனோஜ் பாண்டியன், வேல்துரைக்கு அரசு ஒப்பந்த வேலைகள் நிலுவையில் இருந்தன, எனவே அவர் நிற்கவே தகுதியில்லை என்று தேர்தல் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, வேல்துரையின் வெற்றி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. எப்போது தெரியுமா? 2011 ஏப்ரலில். அதாவது அடுத்த சட்டமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரத்தில். தகுதியில்லாதவர் என்று கோர்ட் சொன்ன ஒருவர் முழு ஐந்து வருஷமும் உட்கார்ந்து எழுந்துவிட்டார்.

2011ல் ராதாபுரத்தில் ஜெயித்தது விஜயகாந்தின் தேமுதிகவைச் சேர்ந்த மைக்கேல் ராயப்பன். அவருடைய ஐந்து வருஷம் தனிக் கட்டுரைக்கு ஆகும். கூடங்குளம் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. இடிந்தகரையில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருந்தார்கள், 2012 செப்டம்பரில் போலீஸ் நடவடிக்கை, 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி. ஊரே பற்றி எரிந்தபோது தொகுதியின் எம்எல்ஏவால் முடிந்தது மிகக் குறைவு. மாநில அரசே 2011 செப்டம்பரில் வேலையை நிறுத்தச் சொல்லி அமைச்சரவைத் தீர்மானம் போட்டுவிட்டு அடுத்த மார்ச்சில் மாற்றிக்கொண்டது. நடுவில் அவர் கட்சிக்கும் அதிமுகவுக்கும் ஒத்துவராமல் போக, 2012ல் ஜெயலலிதாவைப் போய்ச் சந்தித்த தேமுதிக எம்எல்ஏக்களில் ராயப்பனும் ஒருவர். ஆனால் கட்சியை விட்டு விலகவில்லை, விலகினால் பதவி போகும். பெயர் ஒரு கட்சியில், மனசு இன்னொரு கட்சியில் என்று ஓட்டிவிட்டு, 2016 பிப்ரவரியில், பதவிக்காலம் முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது அதிருப்தி எம்எல்ஏக்கள் 10 பேர் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். விஜயகாந்துக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவி போனது. கட்சித் தாவல் தடைச் சட்டம் தாவலைத் தடுக்கவில்லை, தாவலுக்கு ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான்.

சரி, 2016.

அப்பாவு திரும்ப வந்தார், உதயசூரியன். எதிரே வழக்கறிஞரான இன்பதுரை, இரட்டை இலை. முடிவு மேலே சொன்னது. பிரச்சினை தபால் வாக்கில். தேர்தல் வேலைக்குப் போகிற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், போலீஸ்காரர்கள் அன்றைய முறைப்படி தபாலில் போடுவார்கள். வாக்குச்சீட்டை ஒரு உறைக்குள் வைத்து, அதோடு ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, அதற்கு ஒரு அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி, எல்லாவற்றையும் பெரிய உறைக்குள் போட்டு அனுப்ப வேண்டும். சான்றொப்பம் சரியில்லை என்றால் உள்ளே இருக்கிற சீட்டைப் பிரிக்கவே மாட்டார்கள். என் சித்தி பல தேர்தலில் பூத்தில் உட்கார்ந்தவர். ஊரில் எல்லோருக்கும் மை வைத்து அனுப்பிவிட்டு, தன் ஓட்டு எண்ணப்பட்டதா இல்லையா என்பது மட்டும் தனக்கு எப்போதும் தெரியாது என்பார்.

ராதாபுரத்தில் 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டன. காரணம், அவற்றில் சான்றொப்பம் போட்டிருந்தது பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது. தள்ளப்பட்டது 203, வித்தியாசம் 49. இதோடு, மின்னணு இயந்திர வாக்குகளில் கடைசி 3 சுற்று, அதாவது 19, 20, 21, சரியாக எண்ணப்படவில்லை என்பது அப்பாவுவின் புகார். அப்பாவு முன்னாள் ஆசிரியர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார்கள் போட்ட ஓட்டு, தலைமையாசிரியர் கையெழுத்து செல்லாது என்று தள்ளப்பட்டு, ஒரு வாத்தியார் தோற்றார். நியாயமாகச் சொல்வதென்றால் அந்த 203ம் அவருக்கே விழுந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பாதி விழுந்து பாதி எதிர்ப்பக்கம் போயிருந்தால் அதே முடிவுதான். அதை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும், அந்த எண்ணிப் பார்ப்பதற்குத்தான் இவ்வளவு பாடு.

வள்ளியூர்ப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் இந்தத் தேர்தலைப் பற்றி ஒருமுறை பேச்சுக்கொடுத்தேன். “நாப்பத்தொம்பது ஓட்டெல்லாம் ஒரு ஓட்டா வே? அன்னைக்கு எங்க தெருவுல ஒரு சடங்கு வீடு இருந்திருந்தா அம்புட்டுப் பேரும் பந்தியிலல்லா உக்காந்திருப்பான்” என்றார். நீங்க போட்டீங்களா அண்ணாச்சி என்றேன். “போட்டேன். யாருக்குன்னு மட்டும் கேக்காதீரும்.”

தேர்தலில் தோற்றவர் முடிவை எதிர்க்க ஒரே வழிதான் இருக்கிறது, உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. முடிவு அறிவித்து 45 நாளுக்குள் போட வேண்டும். 46வது நாள் போனால் காய்ச்சல், வெள்ளம், என்ன காரணம் சொன்னாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மனு போடுகிறவரிடம் சட்டம் இவ்வளவு கறாராக இருக்கிறது. அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் விசாரணையைப் பற்றி என்ன சொல்கிறது என்றால், 6 மாதத்துக்குள் முடிக்க முயற்சி செய்ய வேண்டும் என்கிறது. வேட்பாளருக்குக் கட்டாயம், கோர்ட்டுக்கு முயற்சி. இந்திரா காந்தியின் ரேபரேலி வழக்கே 1971 தேர்தலுக்கு 1975 ஜூனில்தான் தீர்ப்பானது, எனவே இது புது வியாதி இல்லை. அன்றைக்குப் பிரதமர் வழக்குக்கே நாலு வருஷம் ஆனது என்றால் ஒரு எம்எல்ஏ தொகுதி எந்த மூலைக்கு.

ராதாபுரம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜெயச்சந்திரன் 2019 அக்டோபர் 1ஆம் தேதி உத்தரவு போட்டார். தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லும், அந்த 203 தபால் வாக்குகளையும் கடைசி 3 சுற்றுகளையும் மறுபடி எண்ண வேண்டும். தேர்தல் நடந்து 3 வருஷத்துக்கும் மேலே. அக்டோபர் 4ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள், இயந்திரங்களும் தபால் உறைகளும் நெல்லையிலிருந்து சென்னைக்கு வந்தன. இன்பதுரை உச்ச நீதிமன்றம் போனார், அது அவர் உரிமை, யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். உச்ச நீதிமன்றம் எண்ணுவதைத் தடுக்கவில்லை, ஆனால் முடிவை வெளியிடக் கூடாது என்று சொல்லிவிட்டது. முதலில் அக்டோபர் 23 வரை என்றார்கள். பிறகு நீட்டித்தார்கள். பிறகு கொரோனா வந்தது. 2021 மே மாதம் அந்தப் பேரவையின் ஆயுளே முடிந்தது, அதுவரை எண்ணிய எண் வெளியே வரவில்லை.

அந்த அக்டோபரில் பக்கத்துத் தொகுதியான நாங்குநேரியில் இடைத்தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. அங்கே எம்எல்ஏவாக இருந்த வசந்தகுமார் கன்னியாகுமரி எம்பி ஆனதால் இடம் காலி. அக்டோபர் 21 வாக்குப்பதிவு, சில நாளில் எண்ணிக்கை, புது எம்எல்ஏ வந்துவிட்டார். ஒரு தொகுதிக்குப் புதிதாகத் தேர்தல் வைத்து ஆளையே அனுப்ப முடிகிறது, அடுத்த தொகுதியில் ஏற்கெனவே போட்ட ஓட்டை எண்ணிச் சொல்ல முடியவில்லை.

போனது சாதாரண ஐந்து வருஷமும் இல்லை. 2016 டிசம்பரில் ஜெயலலிதா இறந்தார், 2017 பிப்ரவரியில் அதிமுக எம்எல்ஏக்களைத் தங்கவைத்த கூவத்தூர் விடுதி, 18ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு, திமுகவை வெளியேற்றிய பிறகு 122க்கு 11. அந்த செப்டம்பரில் தினகரன் பக்கம் நின்ற 18 எம்எல்ஏக்கள் தகுதி நீக்கம், அந்த வழக்கு இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லி மூன்றாவது நீதிபதியிடம் போய் 2018 அக்டோபரில் முடிந்தது. 2019ல் 22 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல். தலை எண்ணி ஆட்சி நடந்த காலம் அது. அப்படிப்பட்ட அவையில் ஒரு இடம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது ராதாபுரத்துக்காரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. இந்தக் கோணத்தை அப்போது பெரிதாக யாரும் எழுதவில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

குறைந்த ஓட்டில் தோற்பது அப்பாவுவுக்கு மட்டும் நடந்தது இல்லைதான். 2004ல் கர்நாடகத்தில் சந்தேமரஹள்ளியில் துருவநாராயணா ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தார். 2008ல் ராஜஸ்தானில் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார், முதல்வர் ஆகக்கூடியவர் என்று பேசப்பட்ட ஆள் அவர். 2021ல் நம் தியாகராய நகரில் 137. ஜோஷி கதையில் எனக்குப் பிடித்தது, அவரும் பின்னாளில் அந்த மாநிலச் சபாநாயகர் ஆனார் என்பது. நூலிழையில் தோற்றவர்களுக்கு அந்த நாற்காலியோடு ஏதோ ராசி போலிருக்கிறது.

2021ல் அதே இரண்டு பேர், அதே தொகுதி. அப்பாவு இந்த முறை 5,925 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். மே 12ஆம் தேதி போட்டியில்லாமல் சபாநாயகர் ஆனார். நெல்லைக்காரர்களுக்கு இந்தப் பதவி புதிதில்லை. அறுபதுகளில் செல்லப்பாண்டியன், எண்பதுகளில் பி.எச். பாண்டியன், 2006ல் அம்பாசமுத்திரம் ஆவுடையப்பன், பிறகு இவர். வானளாவிய அதிகாரம் என்று ஊருக்கே ஒரு சொல்லைப் பழக்கிவிட்டவர் பி.எச். பாண்டியன். விகடன் அட்டைப்பட ஜோக்குக்காக அதன் ஆசிரியரை 1987ல் சிறைக்கு அனுப்பியது அவர் காலத்துப் பேரவை. அதோடு ஒப்பிட்டால் அப்பாவு ரொம்பவே சாது.

ஆனால் அவர் சபாநாயகராக இருந்த விதத்தில் எனக்குக் குறையும் உண்டு. பேசுவார், நிறையப் பேசுவார். உறுப்பினர் ஒன்று கேட்டால் அமைச்சர் எழுவதற்குள் இவரே பதிலைத் தொடங்கிவிடுவார். ஆசிரியர் பழக்கம் என்று சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சிரிப்பு வராது. அதிமுகவில் எதிர்க்கட்சித் துணைத் தலைவர் இருக்கை யாருக்கு என்ற தகராறு 2022ல் தொடங்கி 2024 பிப்ரவரியில்தான் தீர்ந்தது, அதை இவ்வளவு இழுத்திருக்க வேண்டாம். ஆளுநர் விவகாரத்தில் மட்டும் அவருடைய வேலையின் ஒரு பகுதி நியாயமானது என்று நினைக்கிறேன். ஆளுநர் உரையின் தமிழாக்கத்தைச் சபாநாயகர் படிப்பது வழக்கம். 2023ல் ஆளுநர் ரவி சில பத்திகளை விட்டுவிட்டுப் படித்தார், 2024ல் உரையையே படிக்கவில்லை, 2025ல் தேசிய கீதத்தைக் காரணம் காட்டி வெளியேறினார். ஒவ்வொரு முறையும் முழு உரையையும் தமிழில் படித்து அவைக்குறிப்பில் ஏற்றியது அப்பாவு. 2024ல் படித்து முடித்துவிட்டுச் சாவர்க்கர், கோட்சே என்று சொந்தமாகச் சேர்த்தாரே, அது தேவையில்லை. படித்ததே போதுமான பதிலாக இருந்தது.

2025 மார்ச்சில் அதிமுக அவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தது. விதிப்படி இவர் இருக்கையை விட்டு இறங்கிவிட, துணை சபாநாயகர் பிச்சாண்டி அவையை நடத்தினார். ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்ற குரல் வாக்கெடுப்போடு முடியவில்லை, தலை எண்ணினார்கள். ஆதரவு 63, எதிர்ப்பு 154. தீர்மானம் தோற்றது. இந்த எண்ணிக்கை நடந்து முடிந்து முடிவு அறிவிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நினைக்கிறீர்கள்? அதே நாள், அதே அவை. வழக்குமில்லை, தடையுமில்லை.

சபாநாயகர் ஆனால் தொகுதிக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் கேள்வி நேரத்தில் தன் ஊர் ரோட்டைப் பற்றிக் கேட்க முடியாது, கவன ஈர்ப்பு கொண்டு வர முடியாது, மானியக் கோரிக்கையில் எழுந்து பேச முடியாது. ராதாபுரத்தின் குரல் முறைப்படி அவையில் இல்லாமல் போகிறது. நடைமுறையில் நேர் எதிர். சபாநாயகர் போன் செய்தால் எந்தச் செயலாளர் எடுக்க மாட்டார்? எனவே வேலை நடக்கும், ஆனால் அவைக்குறிப்பில் ஒரு வரியும் இருக்காது. நாளைக்கு யாராவது அந்த ஐந்து வருஷம் ராதாபுரத்துக்காகச் சட்டமன்றத்தில் என்ன பேசப்பட்டது என்று தேடினால் கையில் ஒன்றும் கிடைக்காது.

அந்த வெள்ளநீர்க் கால்வாய் 2025 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. 13வது பேரவையில் அடிக்கல், 16வது பேரவையில் திறப்பு, செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியது. அடிக்கல் நாட்டியபோது ராதாபுரம் எம்எல்ஏவாக இருந்தவர்தான் திறக்கும்போதும் எம்எல்ஏ, ஆனால் நடுவில் 10 வருஷம் இல்லை. இப்படி நடுவில் வெட்டுப்படாமல் இருந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமா என்று கேட்டால், சந்தேகம்தான். நிலம் கையகப்படுத்தல், நிதி ஒதுக்கீடு, ஆட்சி மாற்றம் என்று ஒரு எம்எல்ஏவைவிடப் பெரிய விஷயங்கள் அதில் உண்டு. ஒரு எம்எல்ஏவின் சாதனைப் பட்டியலில் இருக்கும் பெரிய திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். சிறிய வேலைகளைத்தான் நம்ப வேண்டும், பேருந்து நிழற்குடை, பள்ளிக் கழிப்பறை, சிமெண்ட் ரோடு. அதற்குத் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது, எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கேட்டு வாங்கலாம்.

இன்பதுரை விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். 2025 ஜூனில் அதிமுக அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியது, போட்டியின்றித் தேர்வானார், வாக்குப்பதிவே நடக்கவில்லை.

எனக்குத் தோன்றும் வழி பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெயித்த வித்தியாசத்தைவிடத் தள்ளப்பட்ட தபால் வாக்கு அதிகம் என்றால், முடிவை அறிவிக்கும் முன் அந்தத் தள்ளப்பட்ட உறைகள் அத்தனையையும் தேர்தல் அதிகாரி மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல் இப்போது இருக்கிறது. நல்லது. அதை வீடியோ பதிவோடு, இரு தரப்பு முகவர்கள் முன்னால் செய்ய வைப்பது வேட்பாளர்களின் வேலை, எண்ணுமிடத்துக்குப் போகிற முகவர்களுக்கு இந்த ஒரு விதியையாவது கட்சிகள் சொல்லிக்கொடுத்து அனுப்பலாம். ஆனால் அதையும் தாண்டி வழக்கு வந்தால், 6 மாதம் என்பதை முயற்சியிலிருந்து கெடுவாக மாற்ற வேண்டும். சாட்சி, ஊழல், பணப் பட்டுவாடா என்று இழுக்கிற வழக்குகளை விடுங்கள், அவற்றுக்கு நேரம் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். மறு எண்ணிக்கை மட்டும் கேட்கிற மனுவைத் தனியாகப் பிரித்து முதலில் எடுக்கலாம். உறையைப் பிரித்து எண்ணுவது ஒரு நாள் வேலை, 2019 அக்டோபர் 4ஆம் தேதி ஒரே நாளில்தான் எண்ணினார்கள்.